ஒலிவாங்கி யார் கையில்? 'அலோ பிரெசிதெந்தே'யை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

ஆசிரியர் கலாசாலையில் கற்பித்தற் பயிற்சிக்காக எங்களை அயற்பாடசாலைகளுக்கு அனுப்பிய காலம். எனது பாடத்தை அவதானிப்பதற்காகப் பின்வாங்கில் வந்தமர்ந்த விரிவுரையாளர், இரண்டு நிரல்கள் கீறிய தாளொன்றை மடியில் வைத்திருந்தார். ஒரு நிரல் ஆசிரியர் கேட்கும் கேள்விகளுக்கு. மற்றையது மாணவர் கேட்கும் கேள்விகளுக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு. பாடம் முடிந்ததும் எதுவும் சொல்லாமல் அத்தாளை என்னிடம் நீட்டினார். முதல் நிரலில் முப்பத்தொரு கோடுகள் இருந்தன. இரண்டாவது நிரல் வெறுமையாகக் கிடந்தது. "நல்லாத்தான் படிப்பிச்சீங்க தம்பி. ஆனா ஆரு படிச்ச?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனார்.

இருபது வருடங்களுக்கு மேலாகியும் அந்தத் தாள் என்னை விட்டபாடில்லை. ஒரு நேர்காணலை வாசிக்கும்போதும், ஒரு விவாதத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போதும் மனதுக்குள் இரண்டு நிரல்கள் தாமாகவே விழுந்துவிடுகின்றன. யார் கேட்கிறார்கள்? யார் சொல்கிறார்கள்? எந்தக் கேள்வி கேட்கப்படவேயில்லை?

அரசியல்வாதியைப் பத்திரிகையாளர் கேள்வி கேட்பதே நாமறிந்த நேர்காணல். இக்கட்டுரை பேச விரும்புவது அதன் தலைகீழ் வடிவத்தைப் பற்றி. அதில் அரசியல்வாதியே நிகழ்ச்சியின் தொகுப்பாளராக அமர்கிறார். விருந்தினரை அழைப்பவர் அவர். கேள்வி கேட்பவர் அவர். மக்களின் தொலைபேசி அழைப்பை எடுப்பவரும் துண்டிப்பவரும் அவரே. இத்தகைய நிகழ்ச்சிகளை அரசியல் ஆய்வாளர்கள் பிரசாரம் என்ற ஒற்றைச் சொல்லால் கடந்துவிடுகிறார்கள். ஓர் இலக்கிய வாசகனுக்கு அது போதாது. நாடகத்தையும் நாவலையும் போல இதுவும் ஒரு பிரதி. அதற்கென்று பாத்திரங்கள், களம், எடுத்துரைப்பு முறை, மௌனங்கள் எல்லாம் உண்டு. அந்த வகையில் அண்மைக்காலத்தின் மிகப்பெரிய பிரதி வெனிசுவேலா ஜனாதிபதி ஹியூகோ சாவேஸ் நடத்திய 'அலோ பிரெசிதெந்தே'. ஆங்கில மொழிபெயர்ப்புகளினூடாக அதை அணுகியவன் என்ற முறையில் சில குறிப்புகளை இங்கு முன்வைக்கிறேன்.

2

இவ்வடிவம் சாவேஸோடு பிறந்ததல்ல. 1934 முதல் 1945 வரை நியூயோர்க் நகர மேயராக இருந்த பியொரெல்லோ லா கார்டியா, நகரசபைக்குச் சொந்தமான டபிள்யு.என்.வை.சி. வானொலியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நகர மக்களோடு நேரடியாகப் பேசினார். யுத்த காலம் அது. உணவுப் பொருட்களின் விலை, வியாபாரிகளின் மோசடி, சந்தையில் எதை வாங்கலாம் எதை விடலாம் என்பதெல்லாம் அவரது பேச்சில் இடம்பெற்றன. 1945 ஜூலையில் பத்திரிகை விநியோகத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தால் நகரில் பத்திரிகைகள் கிடைக்காமற் போனபோது, பிள்ளைகள் ஏமாந்துவிடக்கூடாதென்று பத்திரிகைச் சித்திரக் கதைகளை வானொலியில் குரலை ஏற்றியிறக்கி வாசித்தார். இன்றும் அவரை நினைவுகூர்வோர் பலர் அந்த வாசிப்பையே முதலில் சொல்கிறார்கள்.

ஒரு நகரபிதா குழந்தைகளுக்குக் கதை வாசிப்பதில் உண்மையான பரிவு இருந்தது. ஆனால் அந்தப் பரிவோடு இன்னொன்றும் நிகழ்ந்தது. பத்திரிகை இல்லாத நாட்களில் நகரத்தின் ஒரே குரலாக மேயரின் குரல் ஒலித்தது. பத்திரிகை இருந்திருந்தால் அதில் சித்திரக் கதை மட்டுமா இருந்திருக்கும்? மேயரை விமர்சிக்கும் ஆசிரியத் தலையங்கமும் இருந்திருக்கும். மேயர் அதை வாசித்துக் காட்டியிருக்க மாட்டார். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வடிவத்தின் இயல்பு அது. தொகுப்பாளரின் ஆசனத்தில் அமரும் அரசியல்வாதி எவ்வளவு நல்லவராயினும், எதை வாசிப்பது என்பதைத் தீர்மானிப்பவர் அவராகிவிடுகிறார்.

3

1999 பெப்ரவரியில் பதவியேற்ற சாவேஸ், அதே வருடம் மே 23 ஆம் திகதி தேசிய வானொலியில் 'அலோ பிரெசிதெந்தே'யைத் தொடங்கினார். பின்னர் அது அரச தொலைக்காட்சிக்கும் வந்தது. ஞாயிறு முற்பகல் தொடங்கும். எப்போது முடியும் என்று எவருக்கும் தெரியாது. நான்கு, ஐந்து மணித்தியாலங்கள் சாதாரணம். 2007 செப்டெம்பரில் ஒரு நிகழ்ச்சி எட்டு மணித்தியாலங்களையும் தாண்டியது. 2012 ஜனவரி 29 ஆம் திகதி இறுதி நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது அதன் இலக்கம் 378. அடுத்த வருடம் மார்ச் 5 இல் அவர் காலமானார்.

நம்மில் பலர் சாவேஸை நேசித்தோம் என்பதை ஒளிப்பதற்கில்லை. 2009 ஜனவரியில் காஸா மீது குண்டு மழை பொழிந்தபோது அரபுத் தலைவர்கள் பலர் வாய்பொத்தி இருக்க, எங்கோ இலத்தீன் அமெரிக்காவிலிருந்த ஒரு மனிதர் இஸ்ரேலியத் தூதுவரை நாட்டைவிட்டு வெளியேற்றினார். அந்தச் செய்தி வந்த பத்திரிகையை வெட்டி எனது அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்தேன். ஆகவே நான் எழுதப்போவது எதிராளியின் விமர்சனமல்ல.

அந்நிகழ்ச்சியின் வலிமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சாவேஸின் தாயும் தந்தையும் கிராமத்து ஆசிரியர்கள். சபனெத்தா என்ற சிற்றூரில் பாட்டி றோசா இனெஸின் வீட்டில் அவர் வளர்ந்தார். பாட்டி செய்துகொடுத்த பப்பாசி இனிப்பைத் தெருவில் விற்ற கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார். பாடுவார். வரைபடத்தை விரித்து விளக்குவார். புத்தகத்தைத் தூக்கிக் காட்டி வாசிக்கச் சொல்வார். ஓர் ஆசிரியரின் பிள்ளை நாட்டையே வகுப்பறையாக்கிக்கொண்ட காட்சி அது. இது வெறும் பாவனையுமல்ல. 2003 இல் அவரது அரசு தொடங்கிய எழுத்தறிவு இயக்கத்துக்குச் சூட்டிய பெயர், விடுதலை வீரர் சிமோன் பொலிவாரின் ஆசிரியரான சிமோன் றொட்றிகேஸின் புனைபெயர். 2005 இல் 'டொன் கிஹோத்தே' நாவலின் நானூறாவது ஆண்டையொட்டிப் பத்து இலட்சம் பிரதிகள் அச்சிட்டு மக்களுக்கு இலவசமாக வழங்கினார்கள். ஒரு நாவலைப் பத்து இலட்சம் வீடுகளுக்குக் கொண்டுபோகும் அரசை இலக்கியக்காரன் எப்படி வெறுப்பான்?

இன்னொன்று. கராகஸ் நகரத்தின் குன்றுகளில் தகரக் குடிசைகளில் வாழ்ந்தவர்களின் பேச்சுமொழி அதுவரை அரச ஊடகத்தில் நாட்டுத் தலைவரின் மொழியாக ஒலித்ததில்லை. சாவேஸ் அவர்களது மொழியில் பேசினார். அவர்களைப் பெயர் சொல்லி அழைத்தார். ஒரு தாய் தொலைபேசியில் வந்து வீட்டைப் பற்றியோ, வேலையைப் பற்றியோ, வைத்தியத்தைப் பற்றியோ சொன்னால், அந்த இடத்திலேயே அமைச்சரைப் பார்த்து 'கவனியுங்கள்' என்று சொல்லக்கூடிய ஒருவர் எதிரில் இருந்தார். கச்சேரி வாசலில் கடுதாசியோடு நின்று பழகியவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும். பல தலைமுறைகளாகக் கேட்கப்படாதவர்களைக் கேட்டது அந்நிகழ்ச்சி. இதை ஒதுக்கிவிட்டு அதை விமர்சிக்கத் தொடங்குபவர் நேர்மையான விமர்சகராக இருக்க முடியாது.

4

ஆனால் பெயரைக் கவனியுங்கள். 'அலோ பிரெசிதெந்தே' என்றால் 'ஹலோ, ஜனாதிபதி' என்று பொருள். இது ஜனாதிபதியின் வசனமல்ல. தொலைபேசியில் அழைக்கும் குடிமகனின் வசனம். அதாவது நிகழ்ச்சியின் தலைப்பு மக்களின் வாயில் இருக்கிறது. பிரதியின் உடலிலோ வருடங்கள் செல்லச்செல்ல மக்களின் குரல் சுருங்கிப் போனது. தொடக்கத்தில் அழைப்புகளே மையமாயிருந்தன. பின்னர் நிகழ்ச்சி ஊர் ஊராகச் சென்றது. முன்வரிசைகளில் அமைச்சர்களும் அதிகாரிகளும் வரிசையாக அமர்ந்தார்கள். ஜனாதிபதி அவர்களில் ஒருவரை எழுப்பிக் கேட்பார்: எத்தனை? எப்போது முடியும்? ஏன் தாமதம்? பதில் தெரியாதவர் அங்கேயே நின்று நெளிவார். பார்ப்பவர்களுக்கு இதில் ஒரு திருப்தி உண்டு. நமக்கெல்லாம் பதில் சொல்லாத அதிகாரி இன்று மாட்டிக்கொண்டான் என்ற திருப்தி.

இங்கேதான் அந்த விரிவுரையாளரின் தாள் எனக்கு நினைவு வருகிறது. வகுப்பில் ஆசிரியர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை விடை தெரிந்த கேள்விகள். விடையை அறிவதற்காக நாம் அவற்றைக் கேட்பதில்லை. எதிரில் நிற்பவனை அளப்பதற்காகக் கேட்கிறோம். அளப்பவர் எப்போதும் உயரத்தில் இருக்கிறார். அமைச்சரிடம் ஜனாதிபதி கேட்ட கேள்விகள் இந்த வகையைச் சேர்ந்தவை. அவை குடிமக்களின் கேள்விகள் போலத் தோன்றின. ஆனால் ஓர் அமைச்சர் பிழைவிட்டால் அவரை நியமித்தவரிடம் எழ வேண்டிய கேள்வி அந்தக் கூடத்தில் எழவேயில்லை. கேள்வி கேட்பவரின் ஆசனத்தில் அமர்ந்துவிட்டதாலேயே அவர் பதில் சொல்பவர்களின் வரிசையிலிருந்து கழன்றுகொண்டார். இவ்வடிவத்தின் மிக நுட்பமான தந்திரம் இதுவே. அரசின் தலைவரே அரசைக் குறை கேட்கும் குடிமகனாகத் தோற்றம் கொள்கிறார்.

மூன்று காட்சிகளைச் சொல்ல வேண்டும்.

2002 ஏப்ரல் 7. அரச எண்ணெய் நிறுவனத்தில் முறுகல் முற்றியிருந்த நேரம். சாவேஸ் விளையாட்டு மத்தியஸ்தரைப் போல விசிலொன்றை எடுத்து ஊதி, நிறுவனத்தின் உயரதிகாரிகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நேரடி ஒளிபரப்பில் பணிநீக்கம் செய்தார். நான்கு நாட்களின் பின் ஏப்ரல் 11 இல் தெருவில் இரத்தம் சிந்தியது. சதிப்புரட்சியில் அவர் பதவியிழந்து, இரண்டு நாட்களில் மக்களாலும் விசுவாசமான படையினராலும் மீண்டும் பதவிக்கு வந்தார்.

2008 மார்ச் 2. கொலம்பியப் படைகள் முந்தைய நாள் ஈக்வடோர் எல்லைக்குள் நுழைந்து கெரில்லாத் தலைவர் ஒருவரைக் கொன்றிருந்தன. நிகழ்ச்சியின் நடுவே சாவேஸ் பாதுகாப்பு அமைச்சரைப் பார்த்து, பத்துப் பட்டாலியன்களைக் கொலம்பிய எல்லைக்கு நகர்த்துமாறு சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், குடும்பங்கள் சோற்றின் முன் அமர்ந்திருக்கும் வேளையில், யுத்தம் ஒரு வசனமாக வந்து போனது. அதிஷ்டவசமாக அந்த வார இறுதிக்குள் சாந்தோ டொமிங்கோ மாநாட்டில் தலைவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

2010 பெப்ரவரி 7. கராகஸின் பொலிவார் சதுக்கத்தில் மேயரோடு நடந்துகொண்டே சாவேஸ் கேட்கிறார்: அந்தக் கட்டடம் என்ன? தனியார் நகைக் கடைகள் உள்ள கட்டடம் என்று பதில் வருகிறது. சுவீகரித்துவிடுங்கள் என்கிறார். அடுத்த கட்டடத்தைக் காட்டுகிறார். அதே கேள்வி, அதே உத்தரவு. கூட்டம் கைதட்டுகிறது.

மூன்றாவது காட்சியையே நான் அதிகம் யோசித்தேன். காணி சுவீகரிப்பின் நோவை அறிந்த மண்ணில் வாழும் ஒருவனுக்கு அதைக் கைதட்டிப் பார்க்க இயலாது. அந்தக் கட்டடம் மக்களுக்குத் தேவையானதாகவே இருந்திருக்கலாம். நான் சொல்வது கேள்வியின் இலக்கணம் பற்றி. ஒரு கேள்விக்கும் அதன் தீர்ப்புக்குமிடையே இருக்க வேண்டிய இடைவெளியில்தான் நீதி குடியிருக்கிறது. அறிவித்தல் கொடுக்க வேண்டும். உரிமையாளர் தன் பக்கத்தைச் சொல்ல வேண்டும். வேறொருவர் தீர்ப்பளிக்க வேண்டும். மேற்சொன்ன காட்சியில் அந்த இடைவெளி ஒரு மூச்சு விடும் நேரமாகச் சுருங்கிவிட்டது. கேட்பவரே நீதிபதி, அவரே நிறைவேற்றுபவர், அவரே ஒளிபரப்பாளர். கட்டடத்துக்குள் கடை வைத்திருந்தவர்களின் குரலுக்கு அந்தப் பிரதியில் ஓர் ஒலிவாங்கியும் இல்லை.

தொலைபேசியில் வந்த தாய்க்கு வீடு கிடைத்ததும், கடைக்காரருக்குக் கடை பறிபோனதும் ஒரே இயந்திரத்தின் இரண்டு பக்கங்கள். அங்கு கொடுத்ததும் இங்கு எடுத்ததும் ஒரு மனிதரின் வாய்ச்சொல். உரிமையாகக் கிடைக்க வேண்டியது கருணையாகக் கிடைக்கும் இடத்தில், உரிமையாக இருக்க வேண்டியது கோபத்தில் பறிக்கப்படவும் கூடும்.

5

இந்தப் பிரதியில் உண்மையான கேள்வி ஒன்று உள்நுழைந்த தருணமும் உண்டு. 2007 ஓகஸ்டில் ஒரு நிகழ்ச்சிக்குச் சென்றிருந்த 'கார்டியன்' பத்திரிகையின் நிருபர் றோரி கரோலுக்குக் கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தது. ஜனாதிபதி எத்தனை தடவையும் போட்டியிடலாம் என்ற திருத்தம் அப்போது முன்மொழியப்பட்டிருந்தது. அந்தச் சலுகை ஏன் ஆளுநர்களுக்கும் மேயர்களுக்கும் இல்லை என்று அவர் கேட்டார். எளிய கேள்வி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். வந்த பதிலோ ஐரோப்பாவின் பாசாங்கு, குடியேற்றவாதம், பிரித்தானிய முடியாட்சி என்று நீண்டது. அதில் சொல்லப்பட்ட பலவற்றோடு எனக்கும் உடன்பாடே. குடியேற்றவாதத்தின் காயம் நமக்கும் உண்டு. ஆயினும் கேட்கப்பட்ட கேள்வி அப்படியே அநாதையாய் நின்றது. நியாயமான கோபமும் ஒரு நியாயமான கேள்வியை மூடிவைக்கப் பயன்படலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் கண்டதில்லை. நமது மேடைகளிலும் இது நடப்பதுண்டு. உள்ளூர்க் கணக்கு வழக்கைப் பற்றிக் கேட்டால் உலக ஏகாதிபத்தியத்தைப் பற்றிப் பதில் வரும்.

இரண்டாவது தருணம் எழுத்தாளர்களோடு தொடர்புடையது. 2009 மே இறுதியில் நிகழ்ச்சியின் பத்தாவது ஆண்டு நிறைவுக்காக நான்கு நாள் தொடர் ஒளிபரப்பு அறிவிக்கப்பட்டது. அதே நாட்களில் மரியோ வர்காஸ் யோசா உட்பட வலதுசாரிச் சிந்தனையாளர்கள் சிலர் மாநாடொன்றுக்காகக் கராகஸில் இருந்தார்கள். சாவேஸ் அவர்களை விவாதத்துக்கு அழைத்தார். யோசா சாவேஸோடு நேருக்கு நேர் விவாதிக்கத் தயார் என்றார். சாவேஸோ புத்திஜீவிகள் தமக்குள் விவாதிக்கட்டும், தான் மத்தியஸ்தராக இருக்கிறேன், தன்னோடு விவாதிக்க வேண்டுமானால் யோசா முதலில் ஜனாதிபதியாகட்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தார். விவாதம் நடக்கவில்லை.

யோசாவின் அரசியலை நான் ஏற்பவனல்லன். அவரது சந்தைப் பொருளாதார விசுவாசம் ஏழை நாடுகளுக்கு உதவாது என்றே கருதுகிறேன். ஆனால் இந்தச் சம்பவத்தில் தகராறு கருத்தைப் பற்றியதல்ல, கதிரையைப் பற்றியது. எதிர்க்கதிரையில் இருந்து ஒரு எழுத்தாளனின் கேள்வியை ஏற்பதற்கு அவர் தயாராக இருக்கவில்லை. மத்தியஸ்தரின் கதிரையை மட்டுமே அவர் விரும்பினார். பத்து வருடங்கள் தொகுப்பாளராக இருந்தவருக்கு விருந்தினராக இருக்கும் கலை மறந்துபோயிருந்தது.

6

கேள்வி-பதில் வடிவம் தமிழ் முஸ்லிம் இலக்கியத்துக்குப் புதிதல்ல. நமக்கு முழுமையாகக் கிடைக்கும் காலத்தால் முந்திய நூல் 1572 இல் அரங்கேறியதாகக் கொள்ளப்படும் 'ஆயிர மசலா'. வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய அந்நூலின் உடலே கேள்விகளால் ஆனது. யூத அறிஞர் அப்துல்லா இப்னு ஸலாம் கேட்கிறார், நபியவர்கள் விடையளிக்கிறார்கள். மார்க்கப் பொருளை விடுத்து வடிவத்தை மாத்திரம் பார்த்தாலும் ஒன்று துலங்குகிறது. கேள்வி கேட்பவர் வெளியிலிருந்து வருகிறார். அவர் அப்போது நம்பிக்கையாளர் அல்லர். விடை திருப்தியா இல்லையா என்று சொல்லும் உரிமை அவரிடமே இருக்கிறது. அவ்வுரிமை இல்லையென்றால் அவர் இறுதியில் அடையும் தெளிவுக்கும் பெறுமதி இராது.

'வெள்ளாட்டி மசலா' இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஆயிரத்தொரு இரவுகளில் வரும் தவத்துத் கதையின் வழிவந்த பிரதி அது. ஓர் அடிமைப் பெண் அரசவையிலே அறிஞர்கள் தொடுக்கும் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்கிறாள். அத்தோடு கதை முடிந்திருந்தால் அது ஒரு பரீட்சைக் கதை மட்டுமே. அவளோ திருப்பிக் கேட்கிறாள். அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவளது கேள்விக்கு விடை தெரியாமல் தோற்கிறார்கள். கதையின் உயிர் அந்தத் திரும்புதலில் இருக்கிறது. அதிகாரமற்றவளின் நிரலிலும் கோடுகள் விழுகின்றன.

378 நிகழ்ச்சிகளைக் கொண்ட 'அலோ பிரெசிதெந்தே'யில் நான் தேடியது அந்தத் திரும்புதலை. தொலைபேசியில் நன்றி சொன்னவர்கள் இருந்தார்கள், கோரிக்கை வைத்தவர்கள் இருந்தார்கள், அழுதவர்கள் இருந்தார்கள். விடை போதாது என்று சொல்லி இரண்டாவது கேள்வியைக் கேட்பவருக்கு அங்கு இடம் அமைக்கப்பட்டிருக்கவில்லை. நாட்டின் மறுபக்கக் குரல்களுக்கு வேறு அலைவரிசைகள் இருந்தனவே என்று ஒருவர் கேட்கலாம். இருந்தன. அவற்றில் சில நேர்மையற்று நடந்துகொண்டதும் உண்மை. 2002 சதிப்புரட்சியின்போது தனியார் தொலைக்காட்சிகள் நடந்துகொண்ட விதம் ஊடக வரலாற்றின் வெட்கக்கேடு. ஆனால் 2007 மே மாதத்தில் நாட்டின் பழைய தனியார் அலைவரிசையான ஆர்.சி.ரி.வி.யின் அனுமதி புதுப்பிக்கப்படாமல் விடப்பட்டபோது, அரசோடு ஒத்துப்போகாத குரல்களுக்கான வெளி இன்னும் ஒடுங்கியது. ஒரு வானொலிப்பெட்டியில் ஒரு குரல் மட்டும் மிஞ்சும்போது அந்தக் குரல் நல்லதா கெட்டதா என்பது இரண்டாம் பட்சமாகிவிடுகிறது.

7

இது இடதுசாரிகளுக்கோ இலத்தீன் அமெரிக்காவுக்கோ மட்டும் உரிய நோய் என்று நினைப்பது தவறு. ஈக்வடோரில் றஃபாயெல் கொரேயா 2007 முதல் 2017 வரை சனிக்கிழமைகளில் இவ்வாறே நாட்டோடு பேசினார் என்பது உண்மைதான். ஆனால் பாராளுமன்றங்களின் தாய் என்று சொல்லப்படும் பிரித்தானியாவையும் பாருங்கள்.

2021 இல் தொடங்கப்பட்ட ஜி.பி. நியூஸ் அலைவரிசையில் கொன்சர்வேட்டிவ் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்கள் தொகுப்பாளர்களாகப் பணியாற்றினார்கள். 2023 மார்ச் 11 ஆம் திகதி, அக்கட்சியின் உறுப்பினர்களும் கணவன் மனைவியுமான பிலிப் டேவிஸ், எஸ்தர் மக்வே இருவரும் நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட்டை நேர்கண்டார்கள். அவரும் அதே கட்சி. வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்பட நான்கு நாட்களே இருந்தன. அந்நிகழ்ச்சி நடுநிலை விதிகளை மீறியது என்று ஒலிபரப்பு ஒழுங்குபடுத்தும் நிறுவனமான ஒஃப்கொம் அதே வருடம் செப்டெம்பரில் தீர்ப்பளித்தது.

அந்நாட்டு விதிக்கோவையில், விதிவிலக்கான நியாயம் இருந்தாலன்றிச் செய்தி நிகழ்ச்சிகளில் அரசியல்வாதிகள் செய்தி வாசிப்பாளராகவோ நேர்காண்பவராகவோ நிருபராகவோ இருக்கக்கூடாது என்று அப்போது ஒரு விதி இருந்தது. செய்தி நிகழ்ச்சி எது, நடப்பு விவகார நிகழ்ச்சி எது என்ற பிரச்சினை நீதிமன்றம்வரை போனது. முன்னாள் அமைச்சர் ஜேக்கப் றீஸ்-மொக் நடத்திய நிகழ்ச்சி தொடர்பான இரண்டு தீர்ப்புகளை 2025 பெப்ரவரியில் உயர்நீதிமன்றம் இரத்துச் செய்தது. விதியை அதன் சொற்களுக்கு அப்பால் நீட்ட முடியாது என்பதே அதன் சாரம்.

சட்டம் வகைப்பாட்டில் தடுக்கி விழும் இடத்தில் இலக்கிய விமர்சனத்துக்கு வேலை வருகிறது. அந்த நிகழ்ச்சியைச் செய்தி என்றோ நடப்பு விவகாரம் என்றோ அழைக்கட்டும். தன் கட்சிக்காரரைத் தன் கட்சிக்காரர் கேள்வி கேட்கும்போது வாக்காளருக்குக் கிடைப்பது நேர்காணல் அல்ல. இருவர் பங்கேற்கும் ஒரு தனிமொழி. கராகஸில் ஒருவர் இரண்டு பாத்திரங்களையும் ஏற்றார். லண்டனில் ஒரே பாத்திரத்தை மூவர் பங்கிட்டுக்கொண்டார்கள். சாவேஸுக்காவது தொலைபேசியின் மறுமுனையில் குன்றுக் குடிசையின் தாய் இருந்தாள்.

ஆகவே இத்தகைய நிகழ்ச்சியை அளக்க நான் நான்கு கேள்விகளைப் பாவிக்கிறேன். வாசகர் தமது அளவுகோலைச் சேர்த்துக்கொள்ளலாம். கேள்வியைத் தெரிவு செய்தவர் யார்? விடை போதாதபோது மறுபடி கேட்க இடமுண்டா? ஒலிவாங்கியை அணைக்கும் அதிகாரம் எவரிடம்? கேட்டவர் மறுநாள் எந்தப் பயமுமின்றித் தன் வேலைக்குப் போகலாமா?

8

நான்காவது கேள்வியைப் பிறருக்கு மட்டும் வைத்துவிட்டுத் தப்பிக்க எனக்கு மனமில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் பாடசாலை மண்டபத்தில் ஒரு மக்கள் சந்திப்பு நடந்தது. அரசியல்வாதி ஒருவர் மேடையில் அமர்ந்து, தானே ஒலிவாங்கியைப் பிடித்து, ஊர்மக்களை ஒவ்வொருவராக அழைத்துக் குறை கேட்டார். எல்லாம் வீடியோவில் பதிவானது. கூட்டம் தொடங்குமுன் ஏற்பாட்டாளர் ஒருவர் எங்களில் சிலருக்குச் சிறு துண்டுகளைத் தந்திருந்தார். எனது துண்டில் விளையாட்டு மைதானத்துக்கு மதில் கட்டித் தருவது பற்றிய கேள்வி எழுதியிருந்தது. மதிலுக்கான பணம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது பின்னர்தான் தெரிந்தது. எங்கள் பாடசாலையில் இரண்டு தவணைகளாகக் கணித ஆசிரியர் இல்லை. அது மண்டபத்திலிருந்த எல்லோருக்கும் தெரியும். எனது இடமாற்ற விண்ணப்பம் அப்போது மேலிடத்தில் கிடந்தது. நான் எழுந்தேன். துண்டில் இருந்ததை வாசித்தேன். மதில் வாக்களிக்கப்பட்டது. கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "சேர், கணக்கு ரீச்சர் இல்லாததப் பத்தி ஏன் கேக்கல்ல?" என்றாள். "நேரம் இருக்கல்ல மகள்" என்றேன். அவள் அமர்ந்துவிட்டாள். அந்தப் பொய்யை அவள் நம்பவில்லை என்பது அவளது முகத்தில் தெரிந்தது. மறுபடி கேட்கக்கூடாது என்பதை அந்த வகுப்பறையில் நான்தான் அவளுக்குப் பழக்கியிருந்தேன்.

அலுமாரிக் கதவில் ஒட்டிய பத்திரிகைத் துண்டை இன்னும் கிழிக்கவில்லை. காஸாவுக்காக எழுந்த குரல் என் மனதில் அப்படியே இருக்கிறது. அதே குரல் தன் நாட்டில் மற்றவர்களின் குரலுக்கு எவ்வளவு இடம் விட்டது என்று கேட்பது அதைச் சிறுமைப்படுத்துவதாகாது. நேசிப்பவரிடம் கேட்கப்படாத கேள்வியே கடைசியில் அவரைக் கெடுக்கிறது.

மைதானத்துக்கு இப்போது மதில் இருக்கிறது. கணித ஆசிரியர் அடுத்த வருட நடுப்பகுதியில்தான் வந்தார். அந்தப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் சித்தியடையவில்லை.